குரங்கு எடுத்த நாற்பத்து மூன்று டோக்கன்

இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்டால் அவள் ஜெயித்த கதையைத்தான் எழுத உட்காருவாள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்ததில் நான் ஜெயித்த கதைகளெல்லாம் இரண்டு வரியில் முடிந்துபோயின. தோற்ற கதைகள்தான் பக்கம் பக்கமாக வந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். இதில் என்னைத் தோற்கடித்தது ஒரு குரங்கு.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை எப்படிச் செய்ய வேண்டும், எவ்வளவு வேகமாக, யாருக்கு எளிதாக, யாரும் கைவைக்க முடியாதபடி எப்படி என்று இன்னொரு பட்டியல் இருக்கும். இந்த இரண்டாவது பட்டியலுக்கு நம் தொழிலில் நான்-ஃபங்ஷனல் என்று பெயர். அதை எழுதுவதும், எழுதியபடி நடக்கிறதா என்று சோதிப்பதும்தான் முப்பது வருடம் என் சோலியாக இருந்தது.

அந்தப் பெயரே ஒரு தொல்லை. கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் காதர் பாயிடம் முதன்முதலாக அந்தப் பட்டியலை நீட்டியபோது, தலைப்பைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நான்-ஃபங்ஷனல்னா வேல செய்யாததுன்னுதான மேடம் அர்த்தம்? வேல செய்யாததுக்கு எதுக்குப் பன்னண்டு பக்கம்?"

காதர் பாய் அங்கிருந்த காய்கறி விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். மலைக் கிராமங்களிலிருந்து பீன்ஸ், கேரட், வாழை என்று ஜீப்பிலும் பிக்கப்பிலும் வந்து சேரும். சங்கத்தின் கொட்டகையில் எடை போட்டு, பெரிய லாரியில் ஏற்றி, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்புவார்கள். லாரி மதியம் ஒரு மணிக்குள் கிளம்பினால்தான் சாயங்கால ஏலத்துக்குப் போய்ச் சேரும். அதனால் எந்த வண்டி முதலில் எடை போடுவது என்பதில் தினமும் சண்டை. 'நான் வெள்ளனே வந்தேன், அவன் செயலாளருக்குச் சொந்தக்காரன்' என்று ஆரம்பித்துச் சட்டையைப் பிடிப்பதில் போய் முடியும். காதர் பாயின் தங்கை மருமகன் ஒருவரும் பிக்கப் ஓட்டினார் என்பதால், பாய் எது செய்தாலும் சந்தேகம்தான்.

ஆகவே அவர்களுக்கு ஒரு டோக்கன் இயந்திரம் வேண்டும். திரையைத் தொட்டால் எண் அச்சான சீட்டு வரும். ஒலிபெருக்கி வரிசைப்படி எண்ணைக் கூப்பிடும். எடை மேடையில் சீட்டைக் காட்டி, எடை போட்டுவிட்டுப் போக வேண்டும். நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு மாத வேலை. நான் பெருமாள்மலைக்குப் போனது இரண்டாவது பட்டியலுக்காக.

பாய் விரல் விட்டுச் சொன்னார்.

"ஒண்ணு, எழுதப் படிக்கத் தெரியாத ஆளுகூட எடுக்கணும். பழக்கி விடுறதுக்கெல்லாம் எனக்கு ஆளில்ல. ரெண்டு, கூப்பிட்ட ஒடனே வரலேன்னு அடுத்த ஆளுக்குத் தள்ளிரக் கூடாது. மனுசன் ஒண்ணுக்குப் போயிருப்பான், டீ குடிச்சிட்டிருப்பான். அஞ்சு நிமிசம் பாக்கணும். மூணு, குடுத்த டோக்கன யாரும் அழிக்க முடியக் கூடாது. நானே வந்து கேட்டாலும் முடியக் கூடாது. அப்பத்தான் என்னைய நம்புவானுக."

எடை மேடையில் வேலை பார்த்த ஜெசிந்தா நாலாவதாக ஒன்று சேர்த்தார். கொடைக்கானலில் பள்ளிக்கூடம் படித்தவர், பேச்சில் பாதி இங்கிலீஷ்.

"மேடம், எம்ப்டி வண்டிய நிறுத்தி எடம் புடிக்கிறாங்க. அதுனால ஜீரோ வெயிட் அக்செப்ட் பண்ணக் கூடாது. மினிமம் ஒரு கிலோவாவது ஸ்கேல்ல இருக்கணும்."

நான்கும் நல்ல நிபந்தனைகள். மதுரையில் எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி அவற்றை அளக்கக்கூடிய வாக்கியங்களாக மாற்றினேன். 'எந்தப் பயனரும், எந்தப் பயிற்சியும் இன்றி, மூன்று தொடுதலுக்குள், பத்து விநாடிக்குள் டோக்கன் பெற வேண்டும்.' இந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'எளிதாக இருக்க வேண்டும்' என்று வழவழவென்று எழுதாமல் எண்ணோடு எழுதிவிட்டேன் அல்லவா. படமும் வரைந்தேன். ஒரு தாளில் நான்கு வட்டம்: எளிமை, நிதானம், நேர்மை, எடை. வட்டத்துக்கு வட்டம் வண்ணம் கொடுத்தேன். வட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி எதுவும் போடவில்லை. நான்கும் நல்ல பிள்ளைகள், ஒன்றோடொன்று என்ன சண்டை போட்டுவிடப் போகின்றன என்ற நினைப்பு.

பிறகு சோதனை. அலுவலகத்துக் காவலாளி, கூட்டிப் பெருக்கும் அம்மா, தண்ணீர் கேன் போடுகிறவர் என்று இருபது பேரை அழைத்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் இயந்திரத்தின் முன் நிறுத்தினோம். இருபது பேரும் டோக்கன் எடுத்தார்கள். சீட்டு வரும்போது 'டிங்' என்று மணிச் சத்தம் வரும்படி எங்கள் நிரலாளன் பிரபு வைத்திருந்தான். கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய் இன்னொன்று எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும்.

நான்கு நிபந்தனைகளையும் தனித்தனியாகச் சோதித்து, நான்குக்கும் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

தொடக்க நாள் காலை எட்டரைக்கு நான் பெருமாள்மலையில் இருந்தேன். கொட்டகை வாசலில் தகரக் கூரைக்குக் கீழே இயந்திரம். மாலை போட்டு, சந்தனம் தடவி, தேங்காய் உடைத்து, யாரோ ஒரு புண்ணியவான் வாழைப்பழத் தட்டை இயந்திரத்தின் தலையிலேயே வைத்திருந்தார். அழகாக இருந்ததென்று நான் அதைப் படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் மூலையில், கூரை விளிம்பிலிருந்து ஒரு வால் தொங்குகிறது. அப்போது நான் அதைக் கயிறு என்று நினைத்தேன்.

பண்ணைக்காட்டிலிருந்து வாழை ஏற்றி வந்திருந்த செல்லமுத்து முதல் டோக்கனை எடுத்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் மங்கி குல்லாய். சீட்டை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். இன்னொருவர் இரண்டாவதை எடுத்தார். கை தட்டினோம். பிறகு காதர் பாய் எல்லா ஓட்டுநர்களையும் உள்ளே அழைத்துக் கேசரியும் வடையும் கொடுத்துப் பேச ஆரம்பித்தார்.

பாய் பேசப் பேச வெளியே 'டிங்' என்றது. சற்று நேரத்தில் இன்னொரு 'டிங்.' பிறகு நிற்கவேயில்லை. டிங், டிங், டிங்.

பாய் பேச்சை நிறுத்திவிட்டு முகம் மலர்ந்தார். "கேக்குதா? மெஷினு வெச்ச மொத நாளே சனம் எப்படி வருது பாருங்க."

நானும் தலையாட்டினேன். எல்லா ஓட்டுநர்களும் எனக்கு முன்னால் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருக்கும்போது, வெளியே எந்தச் சனம் வரும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஜெசிந்தாதான் எழுந்து வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பாய், கொஞ்சம் வாங்க. மேடம், நீங்களும் வாங்க."

இயந்திரத்தின் மேல் ஒரு தாய்க் குரங்கு உட்கார்ந்திருந்தது. வாழைப்பழத் தட்டு காலி. குனிந்து திரையைத் தட்டியது. டிங். வெள்ளைச் சீட்டு நாக்கு மாதிரி வெளியே நீண்டது. அதைச் சரக்கென்று உருவிப் பின்னால் கொடுத்தது. பின்னால் நின்ற இன்னொன்று வாங்கிக்கொண்டு கூரைக்குத் தாவியது. கூரை முழுக்கக் குரங்குகள், கைக்கு ஒரு சீட்டாக, மிக ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. எங்கள் இருபது பேரில் ஒருவர்கூட அத்தனை வேகமாக எடுக்கவில்லை. எந்தப் பயனரும், எந்தப் பயிற்சியும் இன்றி. மூன்று தொடுதல்கூட அதற்குத் தேவைப்படவில்லை.

ஓட்டுநர்கள் சத்தம் போட்டு விரட்டி, இயந்திரத்தை மீட்டார்கள். ஆளுக்கு ஒரு டோக்கன் எடுத்தார்கள். அவர்களில் முதலில் எடுத்தவர் தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தாறு. மூன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை நாற்பத்து மூன்று டோக்கன்களும் கூரை மேல் கிடந்தன.

செல்லமுத்து வாழையை இறக்கினார். இரண்டாவது வண்டியும் இறக்கிவிட்டுப் போனது. அப்போது ஒலிபெருக்கி, நாங்கள் மதுரையில் பதிவு செய்த இனிமையான பெண் குரலில் பேசியது.

"டோக்கன் எண் மூன்று. தயவுசெய்து எடை மேடைக்கு வரவும்."

எல்லோரும் கூரையைப் பார்த்தோம். செல்லமுத்து ஒரு குட்டிக் குரங்கைப் பார்த்து, "ஏலே, ஒன்னையத்தான் கூப்புடுறாக" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நிமிடம் கழித்துச் சிரிப்பு நின்றது. திரையில் ஐந்து நிமிடக் கடிகாரம் ஒவ்வொரு விநாடியாகக் குறைந்துகொண்டிருந்தது. டீ குடிக்கப் போன மனிதருக்காக வைத்த ஐந்து நிமிடம். நாற்பத்து மூன்று தடவை ஐந்து நிமிடம் என்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் இருபத்திரண்டு வண்டிகளும் எடை போட ஆரம்பிக்க முடியும். லாரி ஒரு மணிக்கு. பீன்ஸ் வெயிலில்.

"டோக்கன கேன்சல் பண்ணுங்க மேடம்" என்றார் ஜெசிந்தா.

"முடியாது. யாரும் அழிக்க முடியக் கூடாதுன்னு பாய் சொன்னார்."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் மனுசனுக்குச் சொன்னேன் மேடம்."

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பிரபுவுக்குப் போன் போட்டேன். கையில் தாள்கள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். சுற்றிலும் இருபது ஓட்டுநர்கள் நின்றார்கள்.

பிரபு கேட்டுவிட்டு, "அவ்வளவுதானேக்கா, நான் இங்கேருந்தே உள்ள போயி அழிச்சிர்றேன். ரெண்டு நிமிசம்" என்றான்.

"அழிக்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கோமே."

"எழுதுனது நீங்க. செஞ்சது நானு. எனக்கு வழி தெரியும்."

கூரையில் குரங்குகள் சீட்டைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லமுத்து என்னிடம் வந்தார்.

"அப்ப அழிக்க முடியும்ங்களா மேடம்?"

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கேள்வி வரும். வரும்போது பக்கத்தில் மேலாளர் இருக்க மாட்டார், யோசிக்க நேரமும் இருக்காது. எனக்கு வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் போனில் வந்ததைத் தன் காதால் கேட்டுவிட்டார்.

"முடியும்ணே. முடியாதுன்னு நான் எழுதினது தப்பு. சரியா சோதிச்சுப் பாக்காம எழுதிட்டேன்."

உடனே இரண்டு கட்சி ஆகிவிட்டது. "அழிச்சுத் தொலைங்கம்மா, பீன்ஸ் வாடுது" என்று பாதிப் பேர். "இன்னிக்குக் குரங்கோடத அழிப்பாங்க, நாளைக்கு என்னோடத அழிப்பாங்க" என்று மீதிப் பேர். பாயின் தங்கை மருமகன் அழிக்கச் சொல்லும் கட்சியில் சேர்ந்ததும், எதிர்க்கட்சி இரண்டு மடங்கானது. மதுரையிலிருந்தே அழித்துவிடுவார்களோ என்று அதில் ஒருவர் இயந்திரத்தின் சுவிட்சையே அணைத்தார், மூன்றாம் எண்ணின் கடிகாரமும் அப்படியே நின்றது. பாய் என்னைப் பார்த்தார். நான்கு மாதம் அலைந்து அவர் வாங்கி வைத்த நம்பிக்கை, முதல் நாளே தகரக் கூரைக்குக் கீழே செத்துக்கொண்டிருந்தது.

"அழிக்க வேண்டாம் பாய்" என்றேன். "ஒரு டோக்கன் எப்படி முடியணுமோ அப்படியே முடிப்போம். சீட்டக் காட்டணும், எடை போடணும். அவ்வளவுதானே?"

"சீட்டு அதுககிட்டல்ல இருக்கு."

"வாங்கணும்."

செல்லமுத்து கூரையைப் பார்த்தார். பிறகு தான் இறக்கி வைத்த வாழைத்தார்களைப் பார்த்தார். ஒரு தாரை இழுத்து வந்தார். குரங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் சங்கமே எழுதி வைத்திருந்தது. அதற்குக் கீழேயே நின்றுகொண்டு ஒரு பழத்தை உரித்துக் காட்டினார்.

முதலில் ஒரு குரங்கு பழத்தைப் பிடுங்கிக்கொண்டு சீட்டையும் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு செல்லமுத்து சுதாரித்துவிட்டார். ஒரு கையை நீட்டி, மறு கையில் பழத்தைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார். சீட்டு வந்த பிறகுதான் பழம். பத்தே நிமிடத்தில் குரங்குகளுக்கு இந்த வியாபாரம் பிடிபட்டுவிட்டது. ஒன்று தன் சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை முதலில் நீட்டிப் பழம் வாங்கி, மறு பாதியைப் பிறகு நீட்டியது.

காதர் பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பலாம் இத. கமிசன் மண்டியில உக்காந்து பொழச்சுக்கும்."

நாற்பத்தொரு சீட்டுகள் திரும்பி வந்தன. இரண்டை அவை தின்றுவிட்டிருந்தன. அந்த இரண்டுக்கும் ஐந்தைந்து நிமிடம் காத்திருப்பது என்று இரண்டு கட்சிகளும் ஒப்புக்கொண்டன. ஜெசிந்தா சுவிட்சைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து மூன்றாம் எண் சீட்டைக் காட்டினார். இயந்திரம் ஏற்றுக்கொண்டு எடையைக் கேட்டது.

"மேடம், ஜீரோ எடுக்காது. ஏதாச்சும் வெக்கணும்."

ஒருவர் கேரட் மூட்டையைத் தூக்கினார். நான் தடுத்தேன். யாருடைய கேரட்டையாவது குரங்கின் கணக்கில் ஏற்றினால், நாளைக்கு அது யாருடையது என்று இன்னொரு சண்டை வரும். யாருக்கும் சொந்தமில்லாத, விற்க முடியாத, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் ஒன்று வேண்டும்.

எல்லோருடைய கண்ணும் மெதுவாகச் செயலாளர் மேல் போய் நின்றது.

"என்னையவா?" என்றார் பாய்.

"சரக்கு லிஸ்ட்டுல 'இதர'ன்னு ஒண்ணு இருக்கு பாய்" என்றார் ஜெசிந்தா. "அதுல போட்டு, ரிமார்க்ஸ்ல குரங்குன்னு எழுதிர்றேன்."

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடையில் ஏறி உட்கார்ந்தார். எண்பத்து நாலு கிலோ. டோக்கன் மூன்று முடிந்தது. அடுத்த சீட்டைக் காட்டினால் இயந்திரம் ஏற்கவில்லை. ஒரு எடைக்கும் அடுத்த எடைக்கும் நடுவே மேடை காலியாக வேண்டும் என்று பிரபு வைத்திருந்தான். நல்ல பையன், எல்லாவற்றையும் யோசித்திருந்தான். ஆக, பாய் ஒவ்வொரு சீட்டுக்கும் எழுந்து இறங்கி, மறுபடி ஏறி உட்கார வேண்டும். நாற்பத்தொரு முறை.

பத்தாவது முறையில் சால்வையைக் கழற்றினார். இருபதில் ஸ்வெட்டரைக் கழற்றினார். ஓட்டுநர்கள் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். முப்பதில் ஜெசிந்தா தண்ணீர் கொடுத்தார். பாய் குடித்துவிட்டு, "அஞ்சாப்புல கணக்கு வாத்தியாரு தோப்புக்கரணம் போட வெச்சாரு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்" என்றார். கடைசி முறை எழுந்தபோது எண்பத்திரண்டே முக்கால். அவருடைய தங்கை மருமகன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அதற்குள் பத்தரை மணி ஆகியிருந்தது. அதன் பிறகு யாரும் சொல்லாமலே எல்லோரும் எல்லோருடைய சரக்கையும் இறக்கினார்கள். லாரி ஒன்றரைக்குக் கிளம்பிப் பழனி ரோட்டில் இறங்கியது. ஏலத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்தது. பீன்ஸில் கொஞ்சம் வாடல், மற்றபடி தப்பித்தோம்.

சாயங்காலம் பாய்க்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வியாபாரி கூப்பிட்டார். அன்றைய சரக்கு விவரம் அவருக்குத் தானாகவே போய்விடும்படி நாங்கள்தான் ஏற்பாடு செய்திருந்தோம்.

"பாய், இன்னிக்கு மூணு டன்னுக்கு மேல 'இதர'ன்னு போட்டிருக்கே, லாரியில காணமே. என்ன சரக்கு அது? நல்லா இருந்தா நானே எடுத்துக்கிறேன்."

பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார். "அது விக்கிறதுக்கில்ல."

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் இதை எங்கே சொன்னாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். ஆனால் என்னுடைய பெரிய தப்பு இதற்குப் பிறகுதான் நடந்தது.

மதுரைக்குத் திரும்பியதும் அந்த வட்டப் படத்தை எடுத்து வைத்து, போடாமல் விட்ட அம்புகளைப் போட்டேன். எளிமை கூடினால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்தால், நிதானம் எல்லோரையும் காக்க வைக்கும். காக்க வைத்தால் அழிக்கத் தோன்றும். அழித்தால் நேர்மை போகும். ஒவ்வொன்றாகச் சோதித்தபோது நான்கும் தங்கம். சேர்த்து வைத்தபோது கொட்டகைக்கே பூட்டு. இதைப் படத்திலேயே பார்த்திருக்கலாம். பிரபுவின் பின்வழியை அடைத்தோம். இனி அழிக்க வேண்டுமானால் எங்கள் ஆள் ஒருவரும் ஓட்டுநர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் சேர்ந்து திறக்க வேண்டும் என்று மாற்றினோம். அது சரியாகத்தான் இருந்தது.

குரங்கைத் தடுக்க நான் வேறொன்று செய்தேன். திரையில் ஓட்டுநர்களின் பெயர்ப் பட்டியல் வரும். தன் பெயரைத் தொட்டு, வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அடித்தால்தான் டோக்கன். பெருமாள்மலைக்குப் போய் இரண்டு நாள் பழத்தட்டு வைத்துச் சோதித்தேன். ஒரு குரங்காலும் ஒரு சீட்டும் எடுக்க முடியவில்லை. 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஜெசிந்தா போன் செய்தார். "மேடம், செல்லமுத்து அண்ணன் வர்றதே இல்ல. பண்ணைக்காட்டுலயே யாருக்கோ சீப்பா குடுத்துட்டுப் போயிர்றாராம். ரீசன் கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு."

மறுநாள் பஸ் பிடித்துப் பண்ணைக்காட்டுக்குப் போனேன். செல்லமுத்து வாழைத் தோட்டத்து ஓரத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாளித் தண்ணீர் முழுவதையும் வண்டி மேல் ஊற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

"எனக்கு நம்பரு தெரியும் மேடம், எழுத்து வராது. ரெண்டு நாளு வேற எவன் பேரையோ அமுக்கிட்டேன். நம்பரு சேரலேன்னு டோக்கனே வரல. பின்னாடி நிக்கிறவன்லாம் சிரிக்கிறான். குரங்கு எடுத்துச்சு, ஒனக்கு வரலயான்னு ஒருத்தன் கேட்டான்."

காதர் பாய் சொன்ன முதல் நிபந்தனை இவருக்காகத்தான். ஒரு குரங்கை வெளியே தள்ளுவதற்காக இவரையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மாற்றம் செய்த பிறகு புது நிபந்தனையை மட்டும் சோதித்தேன். பழைய இருபது பேர் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கவில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மாவை ஒரு முறை கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவருக்கும் எழுத்து வராது.

"தப்பு எம்மேலதான்ணே. குரங்கு எடுக்கக் கூடாது, நீங்க எடுக்கணும். எப்படிச் செய்றதுன்னு எனக்குத் தெரியல."

அவர் துணியைப் பிழிந்தார். "இதுல என்ன இருக்கு? வண்டி வந்து நின்னாத்தான டோக்கனு. குரங்குகிட்ட வண்டி ஏது?"

இயந்திரத்தின் முன்னால் தரையில் ஒரு இரும்புப் பலகை பதிக்க வேண்டும், வண்டிச் சக்கரம் அதன் மேல் ஏறி நின்றால்தான் திரை உயிர் பெறும். பெயர் வேண்டாம், எழுத்து வேண்டாம், ஒரே ஒரு பெரிய பச்சைப் பொத்தான் போதும். மதுரையில் நாங்கள் ஆறு பேர் பட்டம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பலகை பதித்த பிறகு, சோதனைக்குச் செல்லமுத்துவையே கூப்பிட்டேன். இந்தத் தடவை ஆபீஸ் அறையில் இல்லை, பெருமாள்மலையில். வெயிலில், மேகம் இறங்கியபோது, கையுறையோடு, இன்ஜின் ஓடும்போது என்று பத்து விதமாகச் சோதிக்கத் தாளில் கட்டம் போட்டிருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் வண்டியைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி ஓட்டி வந்து நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஆறு முறை டிங். ஏழாவதுக்கு மழை பிடித்துக்கொண்டது. ஈர விரலால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. துடைத்துவிட்டுத் தொட்டார். அப்போதும் இல்லை. நான் குடையோடு நின்றேன்.

"கொஞ்சம் அழுத்திப் பாருங்கண்ணே."

"எதுக்கு அழுத்தணும்? மழையில சரக்கோட நிக்கிறவன் அழுத்திக்கிட்டா இருப்பான்? இது ஃபெயிலு மேடம். எழுதுங்க."

எழுதினேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, குடைக்குள் வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"எந்த எடத்துல எழுதியிருக்கீங்க?"

காட்டினேன்.

"பக்கத்துல இருக்கிறது?"

"அது உங்க பேரு. சோதிச்சது யாருன்னு எழுதணும்."

அந்த இரண்டு வார்த்தைகளையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குடையிலிருந்து தாள் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"நாலாப்புலயும் எம்பேருக்குப் பக்கத்துல ஃபெயிலுன்னுதான் எழுதுனாக. அன்னைக்கு அது எனக்கு. இன்னைக்கு நான் மெஷினுக்குப் போட்டிருக்கேன்" என்றார். பிறகு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். "வெரசா சரி பண்ணிட்டு வாங்க மேடம். மிச்சம் மூணு பரீட்ச இருக்கு."